சலூன் சுவரில் ஏன் இன்னும் ஒபாமா?

சிகாகோவுக்கு வந்து சில வாரம்தான் ஆகிறது, கறுப்பர்களின் சலூன்களில் இன்னும் ஒபாமா படம் தொங்குகிறதே, நம்மூர் சாதி ஓட்டு மாதிரி நிறத்துக்காகத்தானே இந்தக் கொண்டாட்டம் என்று கேட்டிருந்தீர்கள், தம்பி. நிறமும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டும் போதவில்லை.

2000-இல் இதே தெற்கு சிகாகோவில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் உறுப்பினர் பாபி ரஷ்ஷை எதிர்த்து, ஜனநாயகக் கட்சி வேட்பாளராக ஒபாமா முயன்றார். இருவரும் கறுப்பர்கள், வாக்காளர்களிலும் கறுப்பர்களே அதிகம். ஹார்வர்டில் படித்தவருக்கு எங்கள் பாடு என்ன தெரியும் என்று பேச்சு எழுந்தது. ரஷ் இரண்டு மடங்கு வாக்கு வாங்கி ஜெயித்தார். 2004 செனட் தேர்தலில் குடியரசுக் கட்சி ஒபாமாவுக்கு எதிராக ஆலன் கீஸ் என்ற கறுப்பரையே நிறுத்திப் பார்த்தது, பலிக்கவில்லை. 2007-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டி தொடங்கியபோது கறுப்பினத் தலைவர்கள் பலர் ஹிலாரி கிளின்டன் பக்கம்தான். மார்ட்டின் லூதர் கிங்கோடு உரிமைப் போராட்டத்தில் நின்ற ஜான் லூயிஸே அப்போது அங்கேதான் இருந்தார். வெள்ளையர் நிறைந்த ஐயோவா மாநிலத்தில் 2008 ஜனவரியில் அந்தப் போட்டியின் முதல் சுற்றில் ஒபாமா ஜெயித்த பிறகுதான் ‘இது நடக்கக்கூடிய காரியம்’ என்ற தைரியம் பலருக்கு வந்தது.

என் பக்கத்து வீட்டு அம்மா மிசிசிப்பியில் பிறந்தவர். அவருடைய அப்பா அங்கே ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை. 1965-இல் வாக்குரிமைச் சட்டம் வரும்வரை, பெயரைப் பதியப் போனாலே வேலை போகும், உயிரும் போகலாம். அந்த அம்மா வீட்டுச் சுவரில் மார்ட்டின் லூதர் கிங், 1983-இல் சிகாகோவின் முதல் கறுப்பின மேயரான ஹரால்ட் வாஷிங்டன், அப்புறம் ஒபாமா அதிபர் தேர்தலில் ஜெயித்த மறுநாள், 2008 நவம்பர் 5 செய்தித்தாளின் முதல் பக்கம், கண்ணாடிக்குள் பழுப்பேறிப்போய். ஈரத்துணி படாமல்தான் துடைப்பார். அதே அம்மா, கடனில் எங்கள் தெருவில் வீடுகள் பறிபோனபோது ஒபாமா போதுமான அளவு செய்யவில்லை என்று கோபமாகப் பேசுவார்.

இன்னொன்றும் உண்டு. ஹவாயில் பிறந்தவரை, ‘இந்த நாட்டில்தான் பிறந்தாரா’ என்று கேட்டுக் கேட்டு, 2011-இல் அதிபராக இருக்கும்போதே முழுப் பிறப்புச் சான்றிதழை வெளியிட வைத்தார்கள். அந்த அவமானத்தை இங்கே பலர் தங்களுக்கு நேர்ந்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். படம் சுவரை விட்டு இறங்காததற்கு அதுவும் காரணம் என்றே நினைக்கிறேன். 2020-இல் கமலா ஹாரிஸ் துணை அதிபராக ஜெயித்தபோது அவருடைய தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்தோமே, அந்தப் பெருமையை நாம் குறையாக நினைக்கவில்லையே.

அலுவலகத்தில் இதைக் கேட்காதீர்கள். சலூனில் பேச்சு தானாகவே வரும். அப்போதும் நிறத்தில் ஆரம்பிக்க வேண்டாம். ஒபாமாவின் வெற்றியைக் கொண்டாட இங்கே கிராண்ட் பார்க்கில் இரண்டு லட்சத்துக்கும் மேலானவர்கள் கூடிய அந்த நவம்பர் இரவில் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். கொஞ்சம் நேரம் வைத்துக்கொண்டு போங்கள்.