பயிற்சியில் கற்றது வேலைக்குத் திரும்பியதும் எங்கே போகிறது?

கேள்வி: மூன்று நாள் தலைமைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மற்றவர் பேசி முடிக்கும்வரை காது கொடுத்துக் கேட்பது, வேலையைப் பிரித்துக் கொடுப்பது, குறையைப் பக்குவமாகச் சொல்வது என்று நிறைய சொல்லிக்கொடுத்தார்கள். எல்லாம் புரிந்தது. திரும்பி வந்து ஒரு மாதமாகிறது, பழையபடியேதான் டீமிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். கோளாறு என்னிடமா?

பதில்: உங்களிடம் மட்டும் இல்லை. அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபோர்மன்களுக்கும் இதே கதைதான். வகுப்பில் தலையாட்டிவிட்டு வந்தவர்கள் வேலைக்குத் திரும்பியதும், அவரவர் மேலதிகாரி எப்படி நடத்தினாரோ அதே மாதிரிதான் தங்கள் ஆட்களையும் நடத்தினார்கள் என்று எட்வின் ஃபிளைஷ்மன் என்ற உளவியலாளர் 1953-இல் எழுதினார். அதனால் முதலில் உங்கள் மேலதிகாரியிடம் போய், "இந்த மாதம் இந்த ஒரு விஷயத்தை மாற்றப் பார்க்கிறேன், நான் வழுக்கினால் சொல்லுங்கள்" என்று கேட்டுவிடுங்கள். அவருக்கே தெரியாத மாற்றம் ரொம்ப நாள் தாங்காது.

ஒரு விஷயம் என்றால் ஒன்றுதான். நான் எடுத்துக்கொண்டது மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டிருப்பது. "இதற்கு என்ன பண்ணலாம்?" என்று கேட்பேன், இரண்டு நொடி யாரும் பேசாவிட்டால் பதிலையும் நானே சொல்லிவிடுவேன், வருஷக்கணக்காக அப்படித்தான். அப்புறம் கேள்வியைக் கேட்டதும் பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு மனசுக்குள் பத்து வரை எண்ண ஆரம்பித்தேன். ஏழு, எட்டு வரும்போது, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் கடைசி நாற்காலியிலிருந்து, "சார், அந்த ஃபார்மே தேவையில்லையே" என்றார். உண்மையிலேயே தேவையில்லைதான்!

கத்துவதை நிறுத்தவும் இப்படி ஒரு கொக்கி வேண்டும். 'இனிமேல் பொறுமையாக இருப்பேன்' என்பது கோபம் வரும் நேரத்தில் ஞாபகத்துக்கு வராது. 'ரிப்போர்ட் தாமதமானால், முதல் வார்த்தையாக எங்கே சிக்கியது என்று கேட்பேன்' என்று எழுதி வையுங்கள். "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் நினைத்ததைச் செய்யும் வாய்ப்பு அதிகம் என்று பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். வேலையைப் பிரித்துக் கொடுப்பதெல்லாம் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.

சரி, டீமிடமும் சொல்லிவிடுங்கள், கத்தினால் நினைவுபடுத்தச் சொல்லி. முதல் தடவை ஒருவர் தைரியமாக நினைவுபடுத்தும்போது மட்டும் முகத்தைச் சுளித்துவிடாதீர்கள், சுளித்தால் இரண்டாம் தடவை யாரும் சொல்லமாட்டார்கள்.