கிட்ஹப்பில் இறக்கிய சோதனை எக்ஸ்டென்ஷனை குரோமில் போடுவது எப்படி?

குரோமின் வெப் ஸ்டோருக்கு இன்னும் வராத எக்ஸ்டென்ஷனை, அதாவது பிரவுசரில் சேர்க்கும் சிறு கருவியை, புரோகிராமர்கள் கோடு பகிரும் கிட்ஹப் தளத்திலிருந்து ஜிப்பாக இறக்கியிருக்கிறீர்கள், திறந்தால் வெறும் ஃபோல்டர்தான் இருக்கிறது, அடுத்து என்ன என்று கேட்கிறீர்கள்.

முதலில் குரோமில் தனியாக ஒரு புரொஃபைல் உருவாக்குங்கள். பேங்க் லாகின் இருக்கும் புரொஃபைலில் அரைவேக்காட்டுச் சரக்கைச் சோதிப்பது வேண்டாத வேலை. அப்புறம் ஜிப்பைப் பிரித்து நிரந்தரமான இடத்தில் வையுங்கள். குரோம் அதை நகலெடுத்துக்கொள்ளாது, அந்த ஃபோல்டரிலிருந்தே ஓட்டும். ஃபோல்டரை அழித்தால் எக்ஸ்டென்ஷனும் போச்சு.

எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தில், வலது மேல் மூலையில் இருக்கும் டெவலப்பர் மோடை ஆன் செய்தால் 'லோட் அன்பேக்ட்' பட்டன் வரும். அதை அழுத்தி, மேனிஃபெஸ்ட்.ஜேசன் (எக்ஸ்டென்ஷனின் விவரங்கள் எழுதியிருக்கும் ஃபைல்) நேரடியாக இருக்கும் ஃபோல்டரைக் காட்டுங்கள். பலர் சிக்குவது இங்கேதான். பிரித்த ஜிப்பில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருக்கும். வெளியே இருப்பதைக் காட்டினால் மேனிஃபெஸ்ட் இல்லை என்று பிழை காட்டும்.

சேர்ப்பதற்கு முன் அந்த மேனிஃபெஸ்ட் ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். மேனிஃபெஸ்ட் வெர்ஷன் 2 என்றிருந்தால் இப்போதைய குரோமில் ஓடாது. பெர்மிஷன் பகுதியில் 'ஆல் யுஆர்எல்ஸ்' என்றிருந்தால், நீங்கள் திறக்கும் எல்லாத் தளங்களையும் அது படிக்கலாம், மாற்றவும் செய்யலாம். பக்கத்தின் நிறத்தை மாற்றும் கருவிக்கு அது தேவைப்படலாம். ஒரே ஒரு தளத்துக்கான கருவி அந்த அனுமதியைக் கேட்டால் நான் போடமாட்டேன்.

அப்டேட் தானாக வராது. புதிய ஃபைல்களை அதே ஃபோல்டரில் போட்டு ரீலோட் குறியை அழுத்த வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'அபவுட்:டீபக்கிங்' பக்கம் வழியாகத் தற்காலிகமாகப் போடலாம், பிரவுசரை மூடினால் போய்விடும்.