கிராப்ஸ் மேசையில் ஆட்ஸ் வரம்பு: 1000 ரேண்டோடு போகிறவருக்கு ஒரு விளக்கம்

கேள்வி: நான் பார்த்த கிராப்ஸ் மேசையில் ‘குறைந்தது 50 ரேண்ட், அதிகம் 5000 ரேண்ட், 3-4-5 ஆட்ஸ்’ என்று பலகை வைத்திருந்தார்கள். ஆட்ஸ் பந்தயத்தில் கசினோவுக்கு லாபமே கிடையாது, ஆகையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் அதில் போட வேண்டும் என்கிறார் என் மைத்துனர். கையில் 1000 ரேண்ட் வைத்துக்கொண்டு இதைச் செய்யலாமா? தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் முறையைப் பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருவதாக ஒருவர் அழைக்கிறார், நம்பலாமா? — வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பதில்: உங்கள் மைத்துனர் சொல்லும் கணக்கு சரி, அதிலிருந்து அவர் வந்து சேரும் முடிவுதான் சரியில்லை.

இரண்டு பகடைகளை வீசி ஆடும் கிராப்ஸின் அடிப்படைப் பந்தயமான பாஸ் லைனில் நீங்கள் பணம் வைத்த பின், முதல் வீச்சில் 4, 5, 6, 8, 9, 10 ஆகியவற்றுள் ஒன்று விழுந்தால் அது பாயின்ட் ஆகிறது. அந்த எண் மறுபடி விழுந்தால் உங்களுக்கு வெற்றி; அதற்குள் 7 முந்திக்கொண்டால் தோல்வி. பாயின்ட் நின்ற பிறகு, லைனில் உள்ள பணத்துக்குப் பின்னால் நீங்கள் கூடுதலாக வைக்கும் பணமே ஆட்ஸ். இரண்டு பகடைகளில் 7 விழுவதற்கு 6 வழிகளும் 4 விழுவதற்கு 3 வழிகளும் இருப்பதால், 4-க்கும் 10-க்கும் வைத்த பணத்தைப் போல இரு மடங்கு தருகிறார்கள். 5, 9 ஆகியவற்றுக்கு 2 ரேண்டுக்கு 3 ரேண்ட்; 6, 8 ஆகியவற்றுக்கு 5 ரேண்டுக்கு 6 ரேண்ட். இவை பகடையின் உண்மையான விகிதங்கள் என்பதால் கசினோ இதில் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. லைன் பந்தயத்திலோ 100 ரேண்டுக்குச் சராசரியாக 1 ரேண்ட் 41 காசு அவர்களுக்குப் போகிறது. அரிசி வாங்குகிறவருக்கு மட்டும் சர்க்கரையை அடக்க விலைக்குத் தரும் மளிகைக் கடைக்காரரின் வேலைதான் இது: லைனில் பணம் வைக்காமல் ஆட்ஸ் வைக்க முடியாது.

பலகையில் உள்ள 3-4-5 என்பது, லைனில் வைத்ததைப் போல எத்தனை மடங்கு ஆட்ஸ் வைக்கலாம் என்பதைக் குறிக்கிறது: 4, 10 என்றால் 3 மடங்கு; 5, 9 என்றால் 4 மடங்கு; 6, 8 என்றால் 5 மடங்கு. 50 ரேண்ட் லைனுக்கு முறையே 150, 200, 250 ரேண்ட் வரை வைக்கலாம். மூன்றிலும் ஆட்ஸ் தரும் வெற்றித்தொகை 300 ரேண்ட்தான். 5000 ரேண்ட் என்ற மேல்வரம்பு பெரும்பாலும் லைன் பந்தயத்துக்கு மட்டுமே பொருந்தும்; ஆட்ஸ் அதற்கு மேல் தனியாகக் கணக்கிடப்படும்.

இப்போது உங்கள் 1000 ரேண்டுக்கு வருகிறேன். 50 ரேண்ட் மேசை என்று நம்பி நிற்கிறீர்கள். பாயின்ட் 6 ஆகி, மைத்துனர் சொன்னபடி 250 ரேண்ட் ஆட்ஸும் வைத்தால், ஒரே ஒரு 7 உங்களிடமிருந்து 300 ரேண்டை எடுத்துக்கொள்ளும். அப்படி மூன்று முறை நடந்தால் கையில் எஞ்சுவது 100. கசினோவின் பங்கோ ஆட்ஸ் வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான்: 50 ரேண்ட் லைனுக்குச் சராசரியாக ஏறத்தாழ 71 காசு. ஆட்ஸ் சேர்ந்தால் சதவீதம் குறைந்து தெரிகிறது. மொத்தப் பந்தயம் பெருத்துவிட்டதே அதற்குக் காரணம், உங்கள் இழப்பு சுருங்கியதன்று. ஆகவே, லைனிலேயே 200 ரேண்ட் வைப்பதாக இருந்தவர் 50-ஐ லைனிலும் மீதியை ஆட்ஸிலும் வைத்தால் அவருக்கு நன்மை உண்டு. 50 மட்டுமே வைப்பதாக இருந்தவர் ஆட்ஸுக்காகப் பையில் உள்ளதையெல்லாம் எடுத்தால் அவருக்கு நன்மை இல்லை. 1000 ரேண்டுக்கு ஒரு மடங்கு ஆட்ஸ் போதும்.

கிராப்ஸ் மேசையில் விரிக்கும் துணியில் இந்த நியாயமான பந்தயத்துக்கென்று ஒரு கட்டம்கூட அச்சிடுவதில்லை. 100-க்கு 16 ரேண்டுக்கு மேல் விழுங்கும், அடுத்த வீச்சிலேயே 7 விழும் என்று வைக்கும் ‘எனி செவன்’ பந்தயத்துக்கு மட்டும் நட்ட நடுவில் பளிச்சென்று இடம் இருக்கிறது. விதிகள் கேட்டால் கிடைக்கும் என்பார்கள்; கேட்கத் தெரிந்தவருக்கு அவை தேவைப்படுவதில்லை என்பது யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை.

இரட்டிப்பு முறையை விற்பவரைப் பற்றி: தயவுசெய்து ஒரு காசும் கொடுக்காதீர்கள். 50, 100, 200, 400, 800, 1600, 3200 என்று ஏழு முறை தோற்றால் 6350 ரேண்ட் போய்விடும். எட்டாவது முறை வைக்க வேண்டிய 6400 ரேண்டை மேசையின் மேல்வரம்பு அனுமதிக்காது. தொடர்ந்து ஏழு தோல்வி என்பது சுமார் 116-இல் ஒரு முறை வரக்கூடியது. ஒரே மாலையில் பல தொடர்கள் ஓடும் மேசையில் இது அரிதே அன்று. இத்தனை அபாயமும் ஒவ்வொரு தொடருக்கும் 50 ரேண்ட் லாபத்துக்காக. உங்கள் 1000 ரேண்டோ நான்கு தோல்வியில் 750 போய், ஐந்தாவது பந்தயத்துக்கே போதாது. அந்த நேரம் பார்த்து, வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொண்டு கடன் தரும் மாஷொனீசா ஒருவரை முறை விற்றவரே காட்டிவிடுவதும் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டப்படி அட்டையை அப்படிப் பிடித்து வைப்பது குற்றம். ஆனாலும் சம்பள நாளில் ஏடிஎம் வாசலில் அவர்கள் நிற்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நூறு மடங்கு ஆட்ஸ் தருவதாக இணையத்தில் வரும் விளம்பரங்களையும் விட்டுவிடுங்கள். உரிமம் இல்லாத இணையக் கசினோ ஆட்டங்களை 2004-ஆம் ஆண்டின் தேசியச் சூதாட்டச் சட்டம் தடை செய்கிறது. அவற்றுக்கு உரிமம் வழங்க வகைசெய்து 2008-இல் நிறைவேற்றிய திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவராமலே வைத்திருக்கிறார்கள். வெற்றித்தொகை வராவிட்டால் நீங்கள் முறையிட இடம் இருக்காது.

ஒரு விதிவிலக்கை மட்டும் கவனமாகப் படியுங்கள், ஏனெனில் மேசையில் சண்டை பெரும்பாலும் இதனால்தான் வருகிறது. பாயின்ட் நின்ற பிறகு வைக்கும், அடுத்த வீச்சில் விழும் எண்ணையே தனக்குப் பாயின்டாகக் கொள்ளும் ‘கம்’ பந்தயத்திலும் ஆட்ஸ் வைக்கலாம். உங்கள் கம் பந்தயம் 6-இல் நிற்கிறது, அதன் மேல் ஆட்ஸும் இருக்கிறது என்று கொள்வோம். இதற்கிடையில் வீசுகிறவர் தமது பாயின்டை அடித்துவிட்டார். அடுத்த வீச்சு புதிய ஆட்டத்தின் முதல் வீச்சு. அந்த ஒரு வீச்சுக்கு உங்கள் கம் ஆட்ஸ், நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், செயல்படாது. 7 விழுந்தால் கம் பணம் போகும், ஆட்ஸ் பணம் திரும்பி வரும். 6 விழுந்தால் கம் பணத்துக்கு மட்டும் வெற்றி. ஆட்ஸ் வென்றதாகக் கணக்கில்லை, வைத்தது அப்படியே திரும்பும். ‘ஆறு விழுந்ததே, என் பணம் எங்கே’ என்று டீலரிடம் குரலை உயர்த்துவதில் பயனில்லை. அந்த வீச்சிலும் ஆட்ஸ் செயல்பட வேண்டுமானால், பகடை வீசுகிறவர் கைக்குப் போகுமுன் டீலரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

தொகையை வைக்கும்போது, 6, 8-க்கு 5-ஆல் வகுபடும்படியும் 5, 9-க்கு இரட்டைப்படையாகவும் வையுங்கள். இல்லையேல் சில்லறையைக் குறைத்தே தருவார்கள். வைத்த ஆட்ஸை எந்த வீச்சுக்கு முன்பும் டீலரிடம் சொல்லித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். பாயின்ட் நின்ற பிறகு லைன் பணத்தை மட்டும் எடுக்க விடமாட்டார்கள்.