கடிக்கும் நாய்க்குட்டி: பயிற்சிப் பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. பிள்ளைகள் கேட்டார்கள் என்று லாப்ரடார் குட்டி ஒன்று வாங்கினோம். வாங்கும்போது 35 நாள் குட்டி, இப்போது இரண்டரை மாதம். சாயங்காலம் ஆனால் மகளின் பாவாடையைக் கவ்வி இழுக்கிறது, காலைக் கடிக்கிறது, மகன் மேல் தாவிக் கீழே தள்ளுகிறது. பையன் இப்போதெல்லாம் சோபாவை விட்டு இறங்குவதில்லை. பயிற்சியாளர் ஒருவர் 18,000 ரூபாய் பேக்கேஜ் சொல்கிறார், குட்டியை 15 நாள் அவரிடம் விட வேண்டுமாம். ஆன்லைனில் ஷாக் காலர் (பட்டனை அமுக்கினால் மின் அதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) பார்த்தேன், அது மலிவு. எதை வாங்குவது? இல்லை, குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
(வாசகர், ஈரோடு)

பதில்: பேக்கேஜும் வேண்டாம், காலரும் வேண்டாம். திருப்பிக் கொடுக்கிற அளவுக்கும் இன்னும் எதுவும் நடக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதில் கோபமோ வெறியோ எதுவும் தெரியவில்லை. இரண்டரை மாதக் குட்டிக்கு வாய்தான் கை. எதையும் கவ்விப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும்.

ஆனால் உங்கள் குட்டி மற்ற குட்டிகளைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும், அதற்குக் காரணம் நீங்கள் கொடுத்த விவரத்திலேயே இருக்கிறது. 35 நாளில் தாயிடமிருந்து பிரித்திருக்கிறார்கள். கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது அழுத்திக் கடித்தால் அடுத்தது கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயும் எழுந்து போய்விடும். எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்று குட்டி கற்றுக்கொள்வது அப்படித்தான், அதுவும் பெரும்பாலும் ஐந்தாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள். அந்தப் பாடம் நடக்கும் நேரத்தில் உங்கள் குட்டி அட்டைப்பெட்டியில் ஈரோட்டுக்கு வந்துவிட்டது. இனி அதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

முதலில் அந்தச் சாயங்காலத்தைப் பாருங்கள். பிள்ளைகள் பள்ளி முடிந்து வருகிறார்கள், டிவி ஓடுகிறது, ஆளுக்கொரு பக்கம் ஓட்டமும் சத்தமும். குட்டி பகலில் சரியாகத் தூங்கியிருக்காது. இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரைகூடத் தூங்க வேண்டியது. தூக்கம் போதாத குட்டி சோர்ந்து படுத்துக்கொள்ளாது. கண் விரிந்து, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி, குறுக்கே வந்ததைக் கவ்வும். அப்போது பாவாடை ஓரம் ஆடிக்கொண்டே போனால் விடுமா? மகள் கத்திக்கொண்டு ஓடினால் குட்டிக்கு அது இன்னும் நல்ல விளையாட்டு. ஆகவே மதியம் மூன்று மணி வாக்கில் இருட்டான, அமைதியான மூலையில் அதைப் படுக்க வையுங்கள். பிள்ளைகள் வந்த முதல் அரை மணி நேரம் குட்டி வெளியே வர வேண்டாம். பல வீடுகளில் பாதிக் கடி இதிலேயே நின்றுவிடும்.

காசு செலவழித்தே ஆக வேண்டும் என்றால் ஒரு பேபி கேட், அதாவது வாசலில் மாட்டும் சிறு கம்பித் தடுப்பு, வாங்குங்கள். வாங்கும் முன் கம்பி இடைவெளியைப் பாருங்கள், குட்டியின் தலை நுழைந்து மாட்டிக்கொள்ளக் கூடாது. வாசற்படியின் அகலத்தை அளந்துகொண்டு போங்கள். நம் ஊர் நிலைக்கதவுகளுக்கு அளவு பொருந்தாமல் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறைய. தச்சரிடம் சொல்லி இரண்டரை அடி உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை அறுத்து வாங்கி வாசலில் செருகினாலும் இப்போதைக்குப் போதும். லாப்ரடார் வளர்ந்ததும் அதைத் தாண்டிவிடும், அதற்குள் அதற்குப் புத்தி வந்திருக்கும். குழந்தையும் குட்டியும் ஒரே அறையில் இருந்தால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். செல்போன் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: குட்டி தாவினால் மரம் மாதிரி நிற்க வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு, மேலே பார்த்துக்கொண்டு, பேசாமல். குட்டி இல்லாத நேரத்தில், அப்பாவையே குட்டியாகத் தாவ வைத்து, விளையாட்டாகப் பழக்கலாம். நாலு வயதுப் பையனால் எல்லா நேரமும் அப்படி நிற்க முடியாது, அவனுக்கு சோபா சரியான இடம்தான். ‘கடித்தால் ஆ என்று கத்து’ என்று யாராவது யோசனை சொன்னால் விட்டுவிடுங்கள். சில குட்டிகள் அதைக் கேட்டு நிறுத்தும், பல குட்டிகளுக்கு அதுவே உசுப்பேற்றும். குழந்தையின் குரல் வேறு கீச்சென்று இருக்கும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது இது. வீட்டுக்குள் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும், குட்டிக்கு ஆறடி நீளத்தில் மெல்லிய கயிறு கட்டி விடுங்கள், அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டு திரியட்டும். பாவாடையைக் கவ்வினால் மகள் மரமாக நிற்பாள். நீங்கள் கயிற்றைப் பிடித்து, திட்டாமல், இழுத்து உதறாமல் மெதுவாக விலக்கி, வாயில் ஒரு பொம்மையைக் கொடுங்கள். பொம்மை நீளமாக இருக்கட்டும், குழந்தையின் விரலும் குட்டியின் பல்லும் ஒரு முழம் தள்ளியே இருக்கும். மறுபடி மகளிடமே போனால் கேட்டுக்குப் பின்னால் ஒரு நிமிடம், அப்புறம் திரும்ப விடுங்கள். ஒரு நிமிடம் போதும். அரை மணி நேரம் அடைத்து வைத்தால் எதற்கு அடைத்தார்கள் என்பதே அதற்கு மறந்துபோகும்.

தாவுவது வேறு கதை. பால் பல் விழுந்து, ஆறேழு மாதத்தில் 42 பல்லும் முளைத்து முடிவதற்குள் கடி தானாகவே குறையும். தாவல் அப்படிக் குறையாது. இன்றைக்கு முழங்கால் உயரத்தில் தாவுவதை ரசித்தால், அடுத்த வருடம் 30 கிலோ லாப்ரடார் அதையே செய்யும். தாவும்போது வீட்டில் யாராவது அதற்குப் பிஸ்கட் கொடுக்கிறார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் பாட்டிதான். பத்து முறை திட்டி ஒரு முறை கொடுத்தாலும் குட்டிக்குப் போதும், அந்த ஒரு முறைக்காகவே நூறு முறை தாவும். நாலு காலும் தரையில் இருந்தால் தீனி, கொஞ்சல் எல்லாம் உண்டு. தாவினால் திரும்பி நின்றுகொள்வது. வீட்டில் எல்லோருக்கும் இதே சட்டம். பாட்டியிடம் ‘கொடுக்காதீங்க’ என்று சொல்வதைவிட ‘உட்கார்ந்தப்புறம் கொடுங்க’ என்று சொல்லிப் பாருங்கள், சண்டை வராது. பிஸ்கட்டுக்குப் பதில் அதன் சாப்பாட்டிலிருந்தே ஒரு கைப்பிடி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஷாக் காலர் ஏன் கூடாது? குழந்தையைப் பார்த்து ஓடும் நேரத்தில்தான் நீங்கள் பட்டனை அமுக்குவீர்கள். குட்டிக்கு வலி வரும், எதிரே நிற்பது உங்கள் மகன். இந்தப் பையன் வந்தால் வலிக்கும் என்று அது முடிவு செய்துகொண்டால், விளையாட்டுக்குக் கடித்த குட்டி நிஜமாகக் கடிக்கும் நாயாகிவிடும். பேப்பரைச் சுருட்டி அடிப்பது, வாயை இறுக்கிப் பிடிப்பது, முட்டியால் நெஞ்சில் இடிப்பது எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

15 நாள் பேக்கேஜில் வேறொரு சிக்கல். அங்கே குட்டி பயிற்சியாளர் சொன்னதைக் கேட்கும், அவர் வீட்டில் உங்கள் மகள் ஓடுவதில்லை. பணம் கட்டத்தான் போகிறீர்கள் என்றால் உங்கள் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உங்களுக்குச் சொல்லித்தருகிறவராகப் பாருங்கள். ‘நாய் தப்பு செய்தால் என்ன செய்வீர்கள்?’ என்று முதல் கேள்வி கேளுங்கள். பதிலில் அடி, சங்கிலியைச் சுண்டுவது, ‘யார் பாஸ் என்று காட்டணும்’ என்று வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்கிறவருக்கும் அதே டீதான்.

கேள்வி: எங்கள் குட்டிக்கு இரண்டு மாதம். விளையாடும்போது பையன் கையில் பல் பட்டுக் கோடு விழுந்துவிட்டது, ரத்தம் வரவில்லை. வீட்டு நாய்தானே, மஞ்சள் வைத்தால் போதும் என்கிறார் மாமியார். ஊசி அவசியமா?
(வாசகி, திண்டுக்கல்)

பதில்: இதை எழுதும் வரை காத்திருந்தீர்கள் என்பதே எனக்குக் கவலை. உடனே டாக்டரிடம் போங்கள். நாய்க்கு ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாத வயதில்தான் வழக்கமாகப் போடுகிறார்கள், ஆகவே உங்கள் குட்டிக்கு இன்னும் பாதுகாப்பு கிடையாது. ரத்தம் வராத கீறலும் உலக சுகாதார அமைப்பின் கணக்கில் இரண்டாம் வகை, தடுப்பூசி போட வேண்டியது. ரத்தம் வந்தால் மூன்றாம் வகை, அதற்கு இம்யூனோகுளோபுலினும் (உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் மருந்து) சேர்த்து.

பல் பட்டவுடன் குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், 15 நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளம். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், அப்புறம் 3, 7, 28ஆம் நாள். குட்டி நன்றாகத்தானே இருக்கிறது என்று நடுவில் நிறுத்துவதா வேண்டாமா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: வெளிநாடு போன நண்பர் இரண்டு வயது ஜெர்மன் ஷெப்பர்டை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். வந்து பத்து நாள். யார் வந்தாலும் தாவுகிறது, மூன்று வயதுப் பேத்தி வந்தபோது தட்டிவிட்டுவிட்டது. அவள் கட்டிப் பிடித்தால் உறுமுகிறது. என்ன வாங்கலாம்?
(வாசகர், திருச்சி)

பதில்: தாவலையும் உறுமலையும் தனித்தனியாகப் பாருங்கள். தாவலுக்கு, ஆள் வரும் முன்பே சங்கிலி போட்டு வாசலிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். அமைதியானப்புறம் வந்தவர் பக்கத்தில் போகட்டும். நகத்தையும் வெட்டிவிடுங்கள், தாவலில் விழும் கீறல் பாதி அதனால்தான்.

உறுமலை மட்டும் அடக்காதீர்கள். ‘எனக்குப் பிடிக்கவில்லை, விலகு’ என்று அது மரியாதையாகச் சொல்கிறது. உறுமினால் அடி விழும் என்று பழகிய நாய், அடுத்த முறை உறுமாமல் நேரே கடிக்கும். பேத்தி அதைக் கட்டிப் பிடிக்கக் கூடாது. அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டே போகவும் கூடாது. இந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டுத் தொந்தரவு சகஜம், வலி இருக்கும் நாயைக் குழந்தை தொட்டால் சீறும். ஆகவே முதல் செலவு கால்நடை மருத்துவரிடம் பரிசோதனை. பேத்தியைக் கண்டாலே உடம்பு விறைத்து, வாயை மூடிக்கொண்டு, கண் கொட்டாமல் பார்க்கிறது என்றால் பொம்மையும் பேபி கேட்டும் போதாது. குழந்தை இல்லாத வேறு வீடு தேடித் தருவது பாவமில்லை.

கேள்வி: கசப்பு ஸ்ப்ரே அடித்தால் கடிக்காது என்கிறார்களே, வாங்கலாமா?
(வாசகி, மதுரை)

பதில்: நாற்காலிக் காலுக்கு அடிக்கலாம், சில நாய்களிடம் பலிக்கும். குழந்தையின் கையில் அடிக்க வேண்டாம், அந்தக் கை கண்ணுக்கும் வாய்க்கும் போகும். அந்தக் காசைச் செலவழிப்பதற்குப் பதில் வீட்டில் இருக்கும் பழைய துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுங்கள், பல் முளைக்கும் ஈறுக்கு இதமாக இருக்கும். வேகவைத்த எலும்பு மட்டும் வேண்டாம், பிளந்து தொண்டையில் குத்தும்.

கேள்வி: குட்டி கடிக்கிறது என்று சொன்னால் விற்றவர் சிரிக்கிறார். ‘தடுப்பூசி போட்டாச்சு’ என்றார், அட்டையில் தேதியும் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. விற்கும்போது 40 நாள் குட்டி. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
(வாசகர், சேலம்)

பதில்: கடிக்கிறது என்பதற்காகப் போனால் நிற்காது. குட்டி கடிப்பதை யாரும் பொருளின் குறைபாடாக ஏற்க மாட்டார்கள். ஆனால் உங்கள் கையில் வேறு இரண்டு விஷயம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். போடாத ஊசியைப் போட்டதாகச் சொல்லி விற்றது தனிக் குற்றச்சாட்டு. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். சரிவரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

விற்றவரின் வாட்ஸ்அப் விளம்பரம், வயது சொன்ன மெசேஜ், பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட், அந்தக் கையெழுத்தில்லாத அட்டை எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்து வையுங்கள். கால்நடை மருத்துவர் குட்டியின் பல்லைப் பார்த்து உத்தேச வயதை எழுதித் தருவார், அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே தடுப்பூசியை முதலிலிருந்து போட ஆரம்பித்துவிடுங்கள், வழக்கு முடியும் வரை குட்டி காத்திருக்க முடியாது.