மத உணர்வு புண்படும் என்றால் ஒரே ஒரு நாடகத்தை நிறுத்துவதில் என்ன தவறு?

கேட்டவர் கோபத்தில் கேட்கவில்லை என்று புரிகிறது. பல வருடம் மேடைக்குப் பின்னால் வேலை பார்த்தவன் நான். தவறு என்றுதான் சொல்வேன்.

2011 அக்டோபர், பாரிஸில் தெயாத்ர் த லா வீல் அரங்கம். இத்தாலிய இயக்குநர் ரோமியோ காஸ்தெலுச்சியின் நாடகம். பின்னால் இயேசுவின் பிரம்மாண்டமான முகம். அதன் கீழே, மலத்தை அடக்க முடியாத வயதான அப்பாவை மகன் துடைத்துவிடுகிறான், துணி மாற்றுகிறான். மறுபடி அழுக்காகிறது. மறுபடி துடைக்கிறான். வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொண்ட யாருக்கும் தொண்டை அடைக்கும். இதைத்தான் மதநிந்தனை என்றார்கள், தீவிர வலதுசாரிக் கத்தோலிக்கர்கள். மேடையேறி மறித்தார்கள், பார்க்க வந்தவர்கள் மேல் முட்டையும் எண்ணெயும் வீசினார்கள். அரங்கம் பணியவில்லை. போலீஸ் காவலோடு நாடகம் நடந்தது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் அப்படி முடியவில்லை. 2004 டிசம்பரில் குர்ப்ரீத் கவுர் பட்டியின் 'பெஸ்தி' நாடகம், குருத்வாராவுக்குள் நடக்கும் பாலியல் வன்முறையைப் பேசியது. எதிர்த்து வந்த சீக்கியர் கூட்டத்தில் சிலர் அரங்கத்தின் கண்ணாடிகளை உடைத்தார்கள். இரண்டே நாளில் ரத்து. எழுதியவரும் சீக்கியப் பெண்தான். கொலை மிரட்டலால் தலைமறைவாக இருக்க வேண்டியதாயிற்று. புண்பட்டது யார் மனம் என்று பேசும்போது அவரையும், அவர் எழுதியது போன்ற கொடுமையை அனுபவித்த பெண்களையும் ஏன் கணக்கில் சேர்ப்பதில்லை?

கவனியுங்கள், அங்கே எந்தச் சட்டமும் தடை போடவில்லை. 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அப்புறம் அது மற்றவர்களுக்கும் தொற்றும். எங்கள் குழுவில் ஒருமுறை, ஒத்திகையின் நடுவே, ஒரு சாமியார் பாத்திரம் பேசும் நான்கு வரிகளைப் பென்சிலால் அடித்தோம். யாரும் மிரட்டவில்லை, யாரும் கேட்கக்கூட இல்லை. "எதுக்கு வம்பு" என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் தலையாட்டினோம். நானும்தான். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது; கோட்டுக்கு அடியில் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன.

2014-ல் போலந்தின் போஸ்னான் விழாவில் இயக்குநர் ரொட்ரிகோ கார்சியாவின் 'கோல்கொதா பிக்னிக்' நாடகம் இதே பாதுகாப்புக் காரணத்தால் ரத்தானது. உடனே பல ஊர்களில் மக்கள் கூடி, அதன் பிரதியைக் கையில் எடுத்து வாய்விட்டு வாசித்தார்கள். சில இடங்களில் வெளியே எதிர்ப்பாளர்கள் நிற்க, உள்ளே வாசிப்பு நடந்தது.