பயிற்சியில் புலி, மேட்ச்சில் எலி: எங்கே இடிக்கிறது?

வாசகர் கேள்வி: ராணுவ ஷூட்டர் கேம்கள் ஆடுகிறேன். தினமும் ஒரு மணி நேரம் ட்ரெய்னிங் மோடில் சுட்டுப் பழகுகிறேன். நிற்கும் பலகை, ஓடும் பலகை எதுவும் தப்புவதில்லை. மேட்ச்சுக்குள் போனால் எதிராளியைப் பார்ப்பதற்குள் செத்துவிடுகிறேன். பயிற்சியை எப்படிச் செய்ய வேண்டும்? கதையை முடித்தபின் திறக்கும் டைம் ட்ரையல், ஆர்கேட் போன்ற எக்ஸ்ட்ராக்களால் ஏதாவது பயன் உண்டா?

பதில்: பயிற்சிக் களத்தில் பலகை எங்கே எழும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அது திருப்பிச் சுடாது. குறி தப்பினால் இன்னொரு தோட்டா போட்டுக்கொள்ளலாம். மேட்ச்சில் இந்த மூன்று சலுகையும் கிடையாது. ஒரு மணி நேரமும் பலகையையே சுட்டுக்கொண்டிருந்தால், கைக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள். பயிற்சிக் களம் ஓர் அளவுகோல். துப்பாக்கியையும் உங்கள் செட்டிங்கையும் அளந்து பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. அதற்கு நாளுக்குப் பத்து நிமிடம் போதும். சண்டை போடக் கற்றுக்கொள்ள வேண்டிய இடங்கள் வேறு: பாட்கள் (கேமே ஆட்டுவிக்கும் எதிராளிகள்), தனி மேட்ச், நீங்கள் கேட்கும் அந்த எக்ஸ்ட்ராக்கள்.

முதலில் அளக்க வேண்டியது சென்சிட்டிவிட்டி, அதாவது கையை அசைத்தால் பார்வை எவ்வளவு திரும்புகிறது என்பது. கணினியில் ஆடுபவர் மேஜைமேல் ஓர் அளவு நாடாவை விரித்து, மவுஸின் இடது ஓரத்தை 0-வில் நிறுத்துங்கள். கேமுக்குள் ஒரு கம்பத்தின் விளிம்பில் கிராஸ்ஹேரை (திரை நடுவில் தெரியும் குறியை) வையுங்கள். மவுஸை வலப்பக்கம் மெதுவாக நகர்த்தி, முழுச் சுற்று சுற்றி அதே விளிம்புக்கு வந்ததும் நிறுத்துங்கள். மவுஸ் எத்தனை சென்டிமீட்டர் போயிருக்கிறது? அதுதான் உங்கள் உண்மையான சென்சிட்டிவிட்டி. கேம் மெனுவில் தெரியும் எண் கேமுக்குக் கேம் மாறும், சென்டிமீட்டர் மாறாது. குறி பார்த்துச் சுடும் கேம்களில் 25 முதல் 60 சென்டிமீட்டர் வரை பலருக்கும் ஒத்துவரும். 15-க்குக் கீழே இருந்தால், தூரத்துத் தலையைக் குறி வைக்கும்போது கிராஸ்ஹேர் தாண்டித் தாண்டிப் போகும். 20-ல் இருக்கிறீர்கள், 40 வேண்டும் என்றால் எண்ணைப் பாதியாக்குங்கள். சில கேம்களின் ஸ்லைடர் நேர்விகிதத்தில் நகராது, அதனால் மாற்றியபின் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். விண்டோஸின் மவுஸ் அமைப்பில் ‘என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்’ டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். ‘ரா இன்புட்’ (மவுஸின் அசைவை விண்டோஸ் மாற்றாமல் நேரடியாக எடுக்கும் வசதி) இல்லாத கேமில், மவுஸை எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அது தூரத்தை மாற்றிவிடும். கை எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாமல் போகும்.

கன்ட்ரோலரில் பார்க்க வேண்டியது டெட் ஸோன், அதாவது ஸ்டிக் அசைந்தாலும் கேம் கண்டுகொள்ளாத நடுப்பகுதி. ஸ்டிக்கைத் தொடாமல் விட்டுவிட்டு, கிராஸ்ஹேர் தானாக நகரத் தொடங்கும்வரை டெட் ஸோனைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். நகர்ந்ததும் ஓரிரு படி ஏற்றி அங்கேயே விடுங்கள். கூடவே ஒரு எச்சரிக்கை: சில கேம்களில் பலகை இலக்குகளுக்கு எய்ம் அசிஸ்ட் (குறி வைக்கக் கேமே தரும் உதவி) வேலை செய்யாது, பாட்களுக்குச் செய்யும். பலகையில் அமைத்த சென்சிட்டிவிட்டி மேட்ச்சில் வேறு மாதிரி இருப்பது போலத் தோன்றினால் காரணம் இதுவாக இருக்கலாம். செல்போனில் ரெட் டாட், 3 எக்ஸ், 6 எக்ஸ் என ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கும். கைரோவுக்கு (செல்போனைச் சாய்த்துக் குறி வைக்கும் முறை) வேறு தனியாக. ஒரு நாளில் ஒரு ஸ்லைடரை மட்டும் மாற்றுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று ஒருபோதும் தெரியாது.

அடுத்தது ரீகாயில், அதாவது சுடும்போது துப்பாக்கி உதைத்துக் குறி விலகுவது. சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி நின்று, மவுஸையோ ஸ்டிக்கையோ தொடாமல் ஒரு மேகசின் முழுதும் சுடுங்கள். சுவரில் விழும் ஓட்டைகளை உற்றுப் பாருங்கள். பெரும்பாலும் முதல் சில தோட்டாக்கள் நேராக மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் ஆடும். இப்படி மூன்று மேகசின். மூன்று முறையும் ஒரே கோலம் விழுந்தால் அந்தத் துப்பாக்கியின் ரீகாயில் நிலையானது, மனப்பாடம் செய்யலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக் அப்படிப்பட்ட கேம். பக்கவாட்டு ஆட்டம் ஒவ்வொரு முறையும் மாறினால் மனப்பாடம் வீண். கீழே இழுக்கும் அளவை மட்டும் பழகிக்கொண்டு, தூரத்தில் மூன்று நான்கு தோட்டாவாக விட்டுவிட்டுச் சுடுவதே வழி.

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-ல் ஏகே-47-இன் மேகசின் 30 தோட்டா, வேகம் நிமிடத்துக்கு 600. அதாவது மூன்றே விநாடியில் காலி. அந்த 30-ஐயும் அடக்கப் பழகுவதில்தான் பலரும் மாதக்கணக்கில் செலவழிக்கிறார்கள். ஹெல்மெட் போட்ட தலையையும் அந்தத் துப்பாக்கி ஒரே தோட்டாவில் வீழ்த்தும் என்பதால், முதல் தோட்டாவும் அடுத்த ஒன்பதும் உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தாலே பெரும்பாலான சண்டைகள் முடிந்துவிடும். கிராஸ்ஹேர் அமைப்பில் ‘ஃபாலோ ரீகாயில்’ என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் தோட்டா போகும் பக்கமே கிராஸ்ஹேரும் நகர்ந்து காட்டும். கோலம் கைக்குப் பிடிபடும்வரை வைத்துக்கொண்டு பிறகு அணைத்துவிடுங்கள்.

நீண்ட தூரத்துக்கு வேறு கணக்கு. ஆர்மா 3, பேட்டில்ஃபீல்ட், பப்ஜி போன்றவற்றில் தோட்டா உண்மையாகவே பறந்து போகிறது, வழியில் கீழே இறங்குகிறது. விநாடிக்கு 800 மீட்டர் வேகத் தோட்டா 400 மீட்டர் போக அரை விநாடி. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காமலே, பூமியின் ஈர்ப்பில் அதற்குள் சுமார் 1.2 மீட்டர் இறங்கியிருக்கும். விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடுபவன் 3 மீட்டர் தள்ளிப் போயிருப்பான். நீங்கள் அவன் நெஞ்சைக் குறி வைத்தால் தோட்டா அவனுக்குப் பின்னால் மண்ணில்தான் விழும். பயிற்சிக் களத்தில் 100, 200, 300, 400 மீட்டர் பலகைகளுக்கு ஸ்கோப்பின் எந்தக் கோடு பொருந்துகிறது என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தத் தூரத்துக்குக் குறி நேராக விழ வேண்டும் என்று ஸ்கோப்பை அமைக்கும் ஸீரோயிங் வசதி இருந்தால் (கணினியில் ஆர்மா 3, பப்ஜி இரண்டிலும் பேஜ் அப், பேஜ் டவுன் பட்டன்கள்) சண்டை முடிந்ததும் 100-க்குத் திருப்பிவிடுங்கள். 400-க்கு வைத்ததை மறந்து, அடுத்தவனைக் கிட்டத்தில் தலைக்கு மேலே சுடுவது மிகச் சாதாரணமாக நடக்கும்.

ஒரு துப்பாக்கி எத்தனை நேரத்தில் ஆளை வீழ்த்தும் என்பதையும் களத்திலேயே கணக்குப் போடலாம். தேவையான தோட்டாக்களில் ஒன்றைக் கழித்து, 60-ஆல் பெருக்கி, நிமிட வேகத்தால் வகுத்தால் விநாடி வரும். ஒரு தோட்டாவுக்கு 28 சேதம், நிமிடத்துக்கு 750 வேகம் என்று வைப்போம். 100 உயிர் உள்ளவனுக்கு 4 தோட்டா, 0.24 விநாடி. 2020-ல் கால் ஆஃப் டூட்டி வார்சோன் வந்தபோது மூன்று கவசத் தகடும் போட்டவனுக்கு மொத்தம் 250. அதே துப்பாக்கிக்கு 9 தோட்டா, 0.64 விநாடி. கவசம் இல்லாத பொம்மையைச் சுட்டுப் பழகியவர் நான்காவது தோட்டாவிலேயே விரலை எடுத்துவிடுவார். களத்துப் பொம்மைக்குக் கவசம் போடும் வசதி இருந்தால் அதைப் போட்டே பழகுங்கள்.

இன்னொரு காரணம் கைக்குச் சம்பந்தமே இல்லாதது. பயிற்சிக் களம் பெரும்பாலும் காலியான இடம், அதனால் படம் சரளமாக ஓடும். நிறைய ஆட்கள், புகை, வெடிப்பு எல்லாம் சேரும் மேட்ச்சில் ஃபிரேம் (ஒரு விநாடியில் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) குறையும். 144 ஃபிரேமில் ஒரு ஃபிரேமுக்கு 7 மில்லிவிநாடி, 60-ல் 17. களத்தில் 144 ஓடி மேட்ச்சில் 70-க்கு இறங்கினால் மவுஸ் கனத்துவிட்டது போல இருக்கும். கிராஃபிக்ஸைக் களத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பெரிய மேட்ச்சின் நடுவில் எவ்வளவு கிடைக்கிறது என்று பார்த்து, நிழல், புகைத் தரம் இரண்டையும் முதலில் குறையுங்கள். தனியாக ஆடும் களத்தில் பிங்கும் (சர்வருக்குத் தகவல் போய்வரும் தாமதம்) பெரும்பாலும் இருக்காது. மேட்ச்சில் சுவருக்குப் பின்னால் ஒதுங்கிய பிறகும் சாவதற்கு இதுதான் காரணம்: உங்கள் திரையில் ஒளிந்துவிட்டீர்கள், சுட்டவன் திரையில் இன்னும் தெரிந்துகொண்டிருந்தீர்கள், சர்வர் அவன் பார்த்ததை ஏற்றுக்கொண்டது. ஒரே மூலையில் இரண்டாம் முறை எட்டிப் பார்க்காமல் இருப்பதே இதற்கு மருந்து.

இனி பாட்கள். தனி மேட்ச் திறந்து, நீங்கள் அடிக்கடி சாகும் மேப்பைத் தேர்ந்தெடுங்கள். முதலில் பாட் இல்லாமல் ஒரே ஒரு பாதையில் நடந்து போங்கள். ஒவ்வொரு மூலையிலும், கதவிலும் எதிராளியின் தலை எந்த உயரத்தில் வரும் என்று பார்த்து கிராஸ்ஹேரை அங்கேயே வைத்தபடி திரும்புங்கள். பிறகு ஐந்து பாட்களைச் சேர்த்து அதே பாதையில் பத்து முறை. சுட்ட எண்ணிக்கை முக்கியமில்லை. ஒவ்வொரு பாட்டைப் பார்த்ததும் கிராஸ்ஹேரை மேலேயோ கீழேயோ எத்தனை முறை இழுக்க வேண்டியிருந்தது என்பதை எண்ணுங்கள். பத்து சந்திப்பில் எட்டு முறை இழுத்தால், உங்கள் சிக்கல் வேகத்தில் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள், அவ்வளவுதான். மேட்ச்சில் “பார்ப்பதற்குள் செத்துவிடுகிறேன்” என்பவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இங்கேதான் இருக்கிறது.

ஓடிக்கொண்டே சுடும் பழக்கத்தையும் இங்கே திருத்தலாம். கவுன்டர்-ஸ்ட்ரைக்கில் இடப்பக்கம் நகரும்போது வலப்பக்கப் பட்டனை ஒரு தட்டுத் தட்டினால் கால் உடனே நிற்கும், தோட்டா நேராகப் போகும். நகர்வு, எதிர்த் தட்டு, ஒரு தோட்டா. இந்த மூன்றும் ஒரே தாளத்தில் வரும்வரை சுவரில் சுடுங்கள், பிறகு பாட்டின்மேல். ஸ்மோக், ஃபிளாஷ் வீசுவதற்கும் தனி மேட்ச்தான் பள்ளிக்கூடம். ஒரு மேப்புக்கு மூன்று வீச்சு போதும். நிற்கும் இடம், குறி வைக்கும் புள்ளி, குதிக்க வேண்டுமா என்று மூன்றையும் எழுதிவைத்து, தொடர்ந்து ஐந்து முறை சரியாக விழுந்தபின் அடுத்ததற்குப் போங்கள்.

பாட்களோடு நெடுநேரம் ஆடக் கூடாது. அவை நேராக உங்கள் முன் வந்து நிற்கும், சத்தம் கேட்டு ஏமாற்றாது. அரை மணிக்கு மேல் போனால் மறைவே இல்லாமல் நடு வெளியில் நின்று சுடும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

எக்ஸ்ட்ராக்களில் உண்மையாகவே தங்கம் என்று சொல்லத்தக்கது நேரம் குறிக்கும் ஓட்டம். 2007-ல் வந்த கால் ஆஃப் டூட்டி 4-இன் முதல் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உள்ளமைப்பு போலப் பலகையால் கட்டிய இடம். கயிற்றில் இறங்கி, ஒவ்வொரு நிலையிலும் பலகைகளை வீழ்த்திவிட்டு அடுத்ததற்கு ஓடி, ஃபிளாஷ் வீசி, கடைசியில் எல்லைவரை ஓட்டம். படைப்பிரிவின் சாதனை 19 விநாடி என்று கேமில் உங்கள் மேலதிகாரியாக வரும் கேப்டன் பிரைஸ் சொல்வார். உங்கள் நேரத்தைப் பார்த்து எந்தக் கடின நிலையில் ஆடலாம் என்றும் பரிந்துரைப்பார். அங்கே நேரத்தைத் தின்பது சுடுவது கிடையாது. நிலைக்கு நிலை ஓடும்போது துப்பாக்கியைத் தாமதமாகத் தூக்குவதும், பாதி மேகசின் மீதமிருக்கும்போதே ரீலோடு செய்வதும்தான். மேட்ச்சில் உங்களைக் கொல்லும் அதே இரண்டு தவறுகள். 2009-இன் மாடர்ன் வார்ஃபேர் 2-ல் வரும் ‘தி பிட்’ ஓட்டத்தில் பொதுமக்கள் படம் போட்ட பலகைகளும் எழும். யோசிக்காமல் அழுத்தும் விரலுக்கு அது நல்ல கடிவாளம். ஆர்மா 3-இன் ஃபயரிங் டிரில்களும் இதே வகைதான்.

ஓட்டத்தை ஒரு நாளைக்கு மூன்றே முறை ஆடி, நேரத்தையும் தவறிய தோட்டாக்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது முறை ஆடினால் பலகைகளின் இடம் மனப்பாடமாகிவிடும், அதன்பின் அது குறியைச் சோதிக்காது.

அமெரிக்க ராணுவம் 2002-ல் வெளியிட்ட அமெரிக்காஸ் ஆர்மி கேமில் துப்பாக்கித் தேர்வுக்கு 40 இலக்கு. அதில் 36 அடித்தவருக்குத்தான் ஸ்னைப்பர் பயிற்சியின் கதவு திறந்தது. அந்த ராணுவத்தின் நிஜத் தேர்விலும் 23 தேர்ச்சி, 30 அடுத்த படி, 36 உச்சம். இந்த அளவுகோலை நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்: வாரம் ஒருநாள் எழுந்து மறையும் பலகைகளில் 40-க்கு 40 தோட்டா, கூடுதலாக ஒன்றும் கிடையாது. செட்டிங் மாற்றியது உதவியதா என்பதை இந்த எண் சொல்லும், மனநிலை சொல்லாது.

ஆர்கேட் மோடில் உயிர்கள் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும், அதனால் பதற்றத்தோடு ஆடிப் பழகலாம். எதிரிகள் அலை அலையாக வரும் ஸாம்பி, ஹோர்ட் மோடுகள் ரீலோடு நேரத்தை ஒத்திசைக்கவும் கூட்டாளியோடு பேசிப் பழகவும் உதவும், குறிக்கு உதவாது. முடிவில்லாத் தோட்டா போன்ற ‘சீட்’ வசதிகளைப் பயிற்சிக்குத் தொடவே வேண்டாம், தோட்டாவை எண்ணும் பழக்கம் போய்விடும். ரீகாயிலைக் குறைக்கிறோம் என்று சொல்லி வெளியிலிருந்து கிடைக்கும் மென்பொருள்கள் நேராகத் தடைக்குத்தான் கொண்டுபோகும்.

உங்கள் ஒரு மணி நேரத்தை இப்படிப் பிரியுங்கள்: 10 நிமிடம் சுவரும் பலகையும், 15 நிமிடம் ஒரே பாதையில் பாட்கள், 5 நிமிடம் மூன்று ஓட்டம், மீதி 30 நிமிடம் மேட்ச். மேட்ச்சில் ஒவ்வொரு சாவுக்கும் ஒரே சொல் எழுதுங்கள்: ‘பார்க்கவில்லை’, ‘தவறினேன்’, ‘ரீலோடு’, ‘வெட்டவெளி’. ஒரு வாரத்தில் ‘தவறினேன்’ அதிகமிருந்தால் களத்துக்கு நேரம் கூட்டுங்கள். ‘பார்க்கவில்லை’ அதிகமிருந்தால் களத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்து, அந்த நேரத்தையும் பாட் பாதைக்குக் கொடுங்கள். கேமுக்குப் பெரிய அப்டேட் வந்த நாளில் மட்டும் இந்த வரிசையை நிறுத்திவிட்டு, சுவரில் மூன்று மேகசின் சுட்டுப் பழைய கோலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். துப்பாக்கிகளின் ரீகாயிலும் சேதமும் அப்டேட்டில் சத்தமில்லாமல் மாறுவதுண்டு.