ஆர்க்னியில் ஐந்து நாள், முட்டி வலியுள்ள அம்மாவுடன்

கேள்வி: லண்டனில் வேலை பார்க்கிறேன். ஜூன் கடைசியில் ஊரிலிருந்து அம்மா வருகிறார். வயது 68, முட்டி வலி உண்டு. அம்மா, மனைவி, பத்து வயது மகன் ஆகியோருடன் ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுகளுக்கு ஐந்து நாள் காரில் போக நினைக்கிறேன். பழைய இடங்களில் எதைப் பார்ப்பது, எதை விடுவது? அம்மாவால் எங்கெல்லாம் முடியும்?

பதில்: ஆர்க்னி ஏறி இறங்கிப் பார்க்கிற ஊர் இல்லை. ஹோய் தீவை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பெரும்பாலும் தாழ்வான பச்சை மேடுகள். வண்டியை நிறுத்திவிட்டுச் சில நிமிடம் நடந்தால் முக்கியமான இடங்களுக்குப் போய்விடலாம். அம்மாவுக்கு முட்டியைவிடக் காற்றுதான் சோதனையாக இருக்கும். அங்கே மரங்கள் மிகக் குறைவு, காற்றைத் தடுக்க ஒன்றுமே கிடையாது. ஜூனிலும் பகலில் 15 டிகிரி வாக்கில்தான் இருக்கும். குடையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். காதை மூடும் குல்லாவும் காற்று புகாத மேல்சட்டையும் போதும்.

அடுத்தது திட்டம். பார்க்க வேண்டிய இடங்களை எழுதி ஐந்தால் வகுக்காதீர்கள். ஆர்க்னியில் மூன்று நேரங்கள் உங்கள் கையில் இல்லை: படகு கிளம்பும் நேரம், மேஸ்ஹோ என்ற பழங்காலக் கல்லறைக்கு உங்களுக்குக் கிடைக்கும் டிக்கெட் நேரம், பிர்சே கரையிலிருந்து எதிரேயுள்ள சிறு தீவுக்கு நடந்து போகக் கடல் வற்றும் நேரம். இந்த மூன்றையும் முதலில் காகிதத்தில் எழுதுங்கள். மற்றதெல்லாம் அவற்றைச் சுற்றித் தானாக அமைந்துவிடும். ஜூனில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டியதே இல்லை.

படகில் போக ஒரு வழி, திரும்ப இன்னொரு வழி எடுங்கள். போகும்போது ஸ்காட்லாந்தின் வடகரையிலுள்ள ஸ்கிராப்ஸ்டரிலிருந்து ஆர்க்னியின் ஸ்ட்ரோம்னஸ். ஒன்றரை மணி நேரப் பயணம். ஹோய் தீவின் செங்குத்துப் பாறைகளையும், கடலுக்குள் தனியே நிற்கும் 137 மீட்டர் உயரப் பாறைத் தூணையும் கப்பலிலிருந்தே பார்க்கலாம். மேல்தளத்தில் வலப்பக்கம் நில்லுங்கள். கரையிலிருந்து அந்தத் தூணைப் பார்க்க வேண்டுமென்றால் ஹோயிலுள்ள ராக்விக் கிராமத்திலிருந்து போய்வர மூன்று மணி நேரம் மேட்டுப் பாதையில் நடக்க வேண்டும். அம்மாவுடன் போகும் ஐந்து நாளில் ஹோய்க்கு ஒரு நாளைக் கொடுக்க நான் சொல்ல மாட்டேன். திரும்பும் வழியைக் கடைசியில் சொல்கிறேன், அதற்கும் ஒரு காரணம் உண்டு.

ஸ்காரா பிரேவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஸ்டோன்ஹெஞ்சின் பெரிய கற்களும் எகிப்தின் பிரமிடுகளும் எழும்புவதற்கு முன்பே மனிதர்கள் குடும்பமாக வாழ்ந்த கடலோரக் கிராமம் அது. மணலுக்கடியில் மறைந்திருந்ததை 1850இல் அடித்த புயல்தான் வெளியே கொண்டுவந்தது. பார்வையாளர் மையத்தை ஒட்டி ஒரு வீட்டை அப்படியே மாதிரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் அதற்குள் போய்விட்டு வாருங்கள். பிறகு கிராமத்துக்குப் போகும் பாதையில் வரலாற்று நிகழ்வுகள் பொறித்த கற்கள் வரிசையாக வரும். நிலவில் மனிதன் இறங்கியதில் தொடங்கிப் பின்னோக்கி நடப்பீர்கள். மகனைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

வீடுகளுக்குள் இறங்க அனுமதி இல்லை, மேலே நின்று கீழே பார்க்க வேண்டும். நடுவில் அடுப்பு, இரண்டு பக்கமும் கற்பலகை அடைத்த படுக்கைகள், வாசலுக்கு நேர் எதிரே இரண்டடுக்குக் கல் அலமாரி. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படும்படி அதை வைத்திருக்கிறார்கள். அம்மாவிடம் அந்த அலமாரியைக் காட்டுங்கள். நம் வீடுகளில் எவர்சில்வர் பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வைக்கும் ஸ்டாண்டு அவருக்கு நிச்சயம் நினைவுக்கு வரும். மரம் அரிதான ஊரில், பலகை பலகையாகப் பிளக்கும் கல் தாராளமாகக் கிடைத்தது. அதனால்தான் அவர்களுடைய தட்டுமுட்டுச் சாமான்கள் ஐயாயிரம் வருடம் கழித்தும் அப்படியே இருக்கின்றன.

மேஸ்ஹோ விஷயத்தில் அம்மாவுக்காக யோசிக்க வேண்டும். அந்தக் கல்லறைக்குள் போகும் வழி சுமார் 10 மீட்டர் நீளம், ஒரு மீட்டர் உயரம்தான். முழுக்கக் குனிந்தே நடக்க வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. முட்டி வலி உள்ளவரை "கொஞ்சம்தான்மா" என்று சொல்லி அழைத்துப் போகாதீர்கள். வழிகாட்டியோடு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் உள்ளே விடுவார்கள், இடம் குறைவு. அதனால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். நீங்களோ மனைவியோ மகனுடன் உள்ளே போங்கள். குளிர்காலத்தில், ஆண்டின் மிகக் குறுகிய பகலை ஒட்டிய நாட்களில், மறையும் சூரியனின் ஒளி அந்த வழியாக நுழைந்து பின்சுவரில் விழும்படி கட்டியிருக்கிறார்கள். அதைவிட உங்கள் மகனுக்குப் பிடிக்கப்போவது சுவர்க் கிறுக்கல்கள். 12ஆம் நூற்றாண்டில் உள்ளே புகுந்த நார்ஸ் மக்கள் (ஸ்காண்டிநேவிய வழி வந்தவர்கள்) தங்கள் பழைய எழுத்தான ரூனிக்கில் பெயரையும் பெருமையையும் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இங்கிகெர்த் என்பவள்தான் பெண்களில் அழகி என்று ஒருவர் எழுதியிருக்கிறார்.

அந்த நேரத்தில் இன்னொருவர் அம்மாவை அருகில் நிமிர்ந்து நிற்கும் பழங்கால ஸ்டென்னஸ் கற்களுக்குக் கூட்டிப் போகலாம். சாலையோரம், புல்வெளி, கட்டணம் கிடையாது. பக்கத்திலேயே 104 மீட்டர் விட்டமுள்ள பிராட்கர் கல்வட்டம். அதற்கு நண்பகலில் போகாதீர்கள். சாப்பாட்டை முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் கற்களின் நிழல் நீண்டு கிடக்கும், இரண்டு பக்கமும் ஏரி. கூட்டமும் குறைந்திருக்கும். ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

பிர்சேயில் எச்சரிக்கை தேவை. அந்தச் சிறு தீவுக்குக் கடல் வற்றியிருக்கும்போது மட்டும், அதாவது தாழ்நிலைக்கு முன்னும் பின்னும் சுமார் இரண்டு மணி நேரம், சிமென்ட் பாதையில் நடந்து போகலாம். நேரம் ஒவ்வொரு நாளும் மாறும். கடல் இறங்கிக்கொண்டிருக்கும்போது போங்கள். ஏறத் தொடங்கிய பிறகு, "ஓடிப் போய் வந்துவிடலாம்" என்று கிளம்பாதீர்கள். பாதையில் பாசி வழுக்கும், அம்மா இந்தக் கரையிலேயே இருக்கட்டும். தீவில் நார்ஸ் காலத்து வீடுகளின் அடித்தளங்கள் உண்டு. ஜூனில் பாறை விளிம்புகளில் பஃபின் பறவைகளைப் பார்க்க வாய்ப்பு இருக்கிறது. மகன் கையை மட்டும் விடாதீர்கள்.

மழை கொட்டும் நாளைக்கு ஆர்க்னியின் முக்கிய ஊரான கிர்க்வாலின் பேராலயத்தை வைத்துக்கொள்ளுங்கள். 1137இல் தொடங்கிய செம்மணற்கல் கட்டடம், ஊர் நடுவில் இருக்கிறது. அம்மா உட்கார்ந்தே பார்க்கலாம்.

இப்போது திரும்பும் வழி. ஆர்க்னியின் தெற்கிலுள்ள செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப்பிலிருந்து ஸ்காட்லாந்து கரையிலுள்ள கில்ஸ் பேவுக்கு ஒரு மணி நேரப் படகு. இது வேறு நிறுவனம் என்பதால் தனி டிக்கெட். செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப்புக்குப் போக, தீவுகளை இணைக்கும் சர்ச்சில் தடுப்புகள் மேல் ஓட்ட வேண்டும். 1939 அக்டோபரில் ஜெர்மானிய நீர்மூழ்கி இங்குள்ள ஸ்காபா ஃப்ளோ கடற்படைத் துறைமுகத்துக்குள் நுழைந்து பிரிட்டனின் ராயல் ஓக் போர்க்கப்பலை மூழ்கடித்தது, 835 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கட்டிய தடுப்புகள் இவை. வேலை செய்தவர்களில் இத்தாலியப் போர்க்கைதிகளும் உண்டு. அவர்கள் லாம்ப் ஹோம் தீவில் இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்து ஒரு சிற்றாலயம் செய்தார்கள். உள்ளே செங்கல், பளிங்கு எல்லாம் தெரியும், கிட்டே போனால் அத்தனையும் வண்ணப்பூச்சு. மாட்டிறைச்சி டப்பாக்களை வெட்டி விளக்குகள் செய்திருக்கிறார்கள். பீடத்துக்கு மேலுள்ள மாதா படத்தை, தன் அம்மா கொடுத்த சிறு படத்தைப் பார்த்து வரைந்தவர் டொமெனிகோ கியோக்கெட்டி. அம்மாவுக்கு இங்கே ஒரு படியும் சிரமம் இருக்காது.

பலத்த காற்றில் அலை மேலே அடித்தால் அந்தத் தடுப்புகளை மூடிவிடுவார்கள். ஜூனில் அது அரிது. இருந்தாலும் முந்தைய நாள் மாலையே சாலை அறிவிப்பையும் படகு அறிவிப்பையும் பாருங்கள், படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே கிர்க்வாலிலிருந்து கிளம்பிவிடுங்கள். சிற்றாலயத்தில் அரை மணி நேரம் நிதானமாக உட்கார அது தாராளம்.